வெட்டி ஒட்டிய குரல்

தையல்காரர் அளவு சொல்வதை நிறுத்திவிட்டார். வேலையை நிறுத்தவில்லை. மெஷின் ஓடியது, கத்தரிக்கோல் ஓடியது, சொன்ன நாளில் துணியும் போய்ச் சேர்ந்தது. அதனால் தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெருவுக்கு என்ன, சட்டை சரியாக இருந்தால் போதும்.

அந்த வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், வெட்டுவதற்கு ஒரு நீள மேசை, சுவரோரம் இஸ்திரிப் பெட்டி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். பின்னால் சமையலறை. மாடியில் ஒரே ஓர் அறை, அதில் தையல்காரரின் தங்கை. அவள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். கல்யாணப் பேச்சை எடுத்தால், "சாயந்தரம் ரிகர்சல் இருக்கு" என்று எழுந்து போய்விடுவாள். பேச்சு காலையில் எடுக்கப்பட்டாலும் அதே பதில்தான்.

மழை பிடித்துக்கொண்டால் தையல் கடையில் ஒரு வேலை மூன்று வேலையாகும். துணியில் ஈரம் ஏறிக் கிடக்கும், சாக்கட்டிக் கோடு நிற்காது. இஸ்திரி போட்டுச் சூடாக்கித்தான் வெட்ட வேண்டும். அறை முழுக்க வெந்த துணியின் வாடை. நூல்கூட முறுக்கிக்கொண்டு அறுந்து அறுந்து வரும். தையல்காரர் அதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை. அறுந்த நூலிடம் சமாதானம் பேசிக்கொண்டே மறுபடி கோப்பார்.

அளவு எழுதுவது காலையில், கடை திறப்பதற்கு முன். புதுத் துணி கொடுப்பவர்கள் எல்லோரும் உடம்பளவு கொடுக்க நிற்பதில்லை. உடம்புக்குச் சரியாக இருக்கிற பழைய சட்டை ஒன்றைத் தூக்கிப் போட்டு, "இதே மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தையல்காரர் அந்தப் பழைய சட்டையை மேசையில் விரித்து, நாடாவை வைத்து, உரக்கச் சொல்வார். அவர் மனைவி, அதாவது நம்ம டீச்சருக்கு அண்ணி, அதைச் சீட்டில் எழுதித் துணியோடு குண்டூசியால் குத்துவாள்.

"தோ… தோ… தோளு பதினேழு. கை… கை… கை இருபத்திநாலு. கா… கா… கா…"

"மெதுவா சொல்லுங்க. காலர் எங்கயும் ஓடிடாது."

"அது ஓடாது. நீ தா… தா… தான் ஓடணும். அடுப்புல பா… பால் பொங்குது."

அண்ணி பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு ஓடுவாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். பேச்சு வந்த நாளிலிருந்தே அவருக்குத் திக்குவாய். அதிலும் 'த'வும் 'க'வும் வந்துவிட்டால் வண்டி மேட்டில் நின்றுவிடும். ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை அந்த வீட்டில் யாரும் அவருக்கு வார்த்தையை எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். அப்படி யாரும் சட்டம் போட்டதில்லை. தங்கையை அவர் கூப்பிடுவதே "த… த… தங்கம்" என்றுதான். அவளும் மூன்றாவது 'த' வந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பாள். அதுவரை அது தன் பெயரே இல்லை என்பது போல.

இனி பள்ளிக்கூடத்துக்குப் போவோம், வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தப் பள்ளியில் பாட்டு வகுப்பு என்றால் வரவேற்புப் பாட்டு. வருகிற விருந்தினர் மாறுவார், பாட்டு மாறாது. முன்வரிசை பாடும், பின்வரிசை வாயை மட்டும் அசைக்கும். கீபோர்டில் நடுவில் சில கட்டைகள் செத்துப்போய் வெகுகாலமாகிவிட்டது. டீச்சர் ஒருநாள் தாழ்வாரத்தில் நடந்து வரும்போது, வாயை மட்டும் அசைக்கிற அதே பின்வரிசைப் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக்கொண்டு ராப் சொல்வதைக் கேட்டாள். மூச்சு விடாமல், ஓர் அடி பிசகாமல். வகுப்பில் இந்தக் குரல்கள் எங்கே போயிருந்தன என்று அவளுக்கு ஆச்சரியம். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அடுத்த வாரமே ஹிப்-ஹாப்பை வகுப்புக்குள் கொண்டு வந்துவிட்டாள்.

தலைமையாசிரியைக்கு, எல்லோரும் பெரிய டீச்சர் என்று சொல்வார்கள், விஷயம் போகாமல் இருக்குமா?

"பாட்டு சொல்லிக் குடுங்கன்னா, பேசச் சொல்லிக் குடுக்கறீங்களாமே?"

"பேச்சுதான் மேடம். ஆனா தாளத்துல உக்கார்ற பேச்சு. ஒரு அடி தப்பினா அவங்களுக்கே தெரிஞ்சுடுது, நான் சொல்லவே வேண்டியதில்ல."

"எனக்கு என்னமோ சண்டை போடற மாதிரிதான் கேக்குது."

"இதுவரைக்கும் வாயே திறக்காத புள்ளைங்க மேடம். இப்போ எழுதிட்டு வருதுங்க. சொந்தமா."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றால் அப்படித்தான் துடைப்பார். ஆனால் அன்றைக்கு என்ன நினைத்தாரோ, "ஆண்டு விழாவுல ஒரே ஒரு அயிட்டம் போடுங்க. நல்லா இருந்தா இதுக்குன்னு வாரத்துல ஒரு பீரியட் தர்றேன். இல்லேன்னா மறுபடி வரவேற்புப் பாட்டு, சரியா?" என்றார்.

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தாள்: ஆளுக்கு ஒரு சத்தம் கொண்டு வரவேண்டும். வாத்தியச் சத்தம் கூடாது, வீட்டில் கேட்கிற சத்தம். அதைக் கம்ப்யூட்டரில் வெட்டி, ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டால் அதுதான் பீட். ஒருத்தன் குழாய் சொட்டுவதைக் கொண்டு வந்தான். ஒருத்தி கடைக் கதவு இழுப்பதை. ஒருத்தன் அப்பாவின் குறட்டையைக் கொண்டு வந்து வகுப்பையே சிரிப்பில் உருட்டினான். நாமும் ஒன்று கொண்டு போவோம் என்று டீச்சர் காலையில் அண்ணனின் மேசையில் போனை வைத்தாள்.

"எ… என்ன இது?"

"மெஷின் சத்தம் வேணும்ணே, கிளாசுக்கு. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க."

"பே… பேசலாமா?"

"சும்மா பேசுங்கண்ணே. மெஷின் மட்டும்தான் எடுத்துக்குவேன்."

தையல்காரருக்கு ஒரே பெருமை. மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ஒரு பழைய துண்டுத் துணியில் ஓட்டிக் காட்டினார். பிறகு வழக்கம்போல அளவு சொல்ல ஆரம்பித்தார். போன் பதிவு ஓடியபடியே அங்கே கிடந்தது.

வகுப்பில் அதைப் போட்டபோது மெஷின் ஓடி நின்றது, குரல் வந்தது. தோ… தோ… தோளு. டீச்சர் நிறுத்துவதற்குக் கையை நீட்டினாள். அதற்குள் ரேடியோ குதித்துவிட்டாள். ரேடியோ என்பது வாய் ஓயாத ஒரு பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர்.

"டீச்சர், டீச்சர்! இது தானாவே பீட்டு! தோ தோ தோளு! கேளுங்க டீச்சர்!"

"அது வேணாம். மெஷினை எடுத்துக்கோ."

"மெஷின் சும்மா கடகடன்னு இருக்கு டீச்சர். இதுதான் செமையா இருக்கு. யார் டீச்சர் இது?"

என் அண்ணன். இரண்டே வார்த்தைதான், சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அதே நேரம் பின்வரிசை மொத்தமும் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தது. தோ தோ தோளு, தோ தோ தோளு. இத்தனை வருஷத்தில் அந்த வகுப்பு முழுதும் ஒரே தாளத்தில் சேர்ந்ததில்லை. அவள் காதும் சேர்ந்துகொண்டது. பாழாய்ப்போன பாட்டுக்காரிக் காது, வீட்டுக் குரலைக் குரலாகக் கேட்காமல் தாளமாகக் கேட்டது.

"ஒரு தையல் கடையில எடுத்தேன்," என்றாள்.

பிள்ளைகள் வெட்டி ஒட்டியது தாளத்துக்கு ஒரு மயிரிழை முந்திக்கொண்டு விழுந்தது. அதைப் பின்னால் இழுத்து, மூன்றாவது 'தோ' நச்சென்று அடியில் உட்காரும்படி செய்தது பிள்ளைகள் இல்லை. டீச்சர்தான், தன் கையால்.

விழாவுக்குப் பிள்ளைகளின் உடை முழுக்கத் தையல்காரர் தைத்தார். தொளதொளவென்று சட்டை, தலையை மூடுகிற தொப்பி வைத்து. "இ… இவ்வளவு தொ… தொளதொளன்னா? அ… அளவெடுத்தவன் குருடனான்னு என்னைத் தா… தா… தானே கேப்பாங்க?" என்று சிரித்தார். டீச்சரும் சிரித்தாள். அந்த வாரமெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். இன்றைக்கு அவருக்கு வேலை அதிகம், நாளைக்கு எனக்கு ரிகர்சல் என்று தள்ளிக்கொண்டே போனாள். சொந்தக் குரலை யார் அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். சொல்லாமல் இருப்பவர்களுக்குச் சமாதானங்களுக்கா பஞ்சம்?

விழா மாலையில் மழை விட்டிருந்தது. மண்டபத்தில் நனைந்த குடைகளும் நசநசப்புமாக இடம் இல்லை. தையல்காரரும் அண்ணியும் முன்னாலேயே போய் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். பிள்ளைகள் மேடைக்கு வந்ததும், "அந்த ம… மஞ்சச் சட்டைக்குக் கை… கை சரியா விழுந்திருக்கு பாரு" என்று அவர் மனைவியின் காதில் சொன்னார். ரேடியோ மைக்கைப் பிடித்தாள்.

"அக்கா போட்ட சட்டை இது, அடுத்து நானும் போட்டது,
மடிப்பைப் பிரிச்சு நீளம் விட்டு மறுபடியும் தச்சது,
வளர்றதுக்கு இடம் விட்டு வெச்ச கை யாரது?
அளவெடுத்துச் சொல்லுங்க, அடுத்த வருஷம் நான் பெருசு!"

தையல்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் தொழிலைப் பற்றி ஒரு பாட்டு! கையைத் தூக்கித் தட்டினார். அப்போது பீட் விழுந்தது. மெஷின் ஓடியது, அதன் மேல் குரல். தோ தோ தோளு. மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். முதல் சுற்று முழுக்க எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார். இரண்டாம் சுற்றில் மண்டபமே கூடச் சொன்னது, "தோ தோ தோளு!" அவர் கை பாதியில் நின்றது. அண்ணி திரும்பிப் பார்த்தபோது அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

மேடை ஓரத்திலிருந்து டீச்சர் அதைப் பார்த்துவிட்டாள். பெரிய டீச்சர் மேடையேறி மைக்கில் பேசினார்: "எனக்கு இது பிடிக்காதுன்னுதான் நினைச்சேன். பிடிச்சிருச்சு." வாரம் ஒரு பீரியட் உண்டு, பள்ளிகளுக்கு இடையே நடக்கிற போட்டிக்கும் இதுதான் போகும் என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. ஆசைப்பட்டது அத்தனையும் கைக்கு வந்துவிட்டது. டீச்சர் இரண்டாம் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து தையல்காரர் பழைய சட்டையை விரித்து, தானே அளந்து, சாக்கட்டியால் துணியின் ஓரத்தில் தானே எழுதினார். அண்ணி சீட்டும் பென்சிலுமாகக் கொஞ்ச நேரம் நின்றுபார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். சாப்பாட்டுத் தட்டு வைத்தால் சாப்பிட்டார். உப்பு போதுமா என்றால் தலையாட்டினார்; வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே "தோ தோ தோளு" என்று பாடிக்கொண்டு போவார்கள். பாவம், அதுகளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த நேரம் மட்டும் மெஷின் நிற்கும். அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகு மறுபடி ஓடும்.

அண்ணி டீச்சரைச் சமையலறையில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது, ஜன்னலில் மழை.

"நல்லா இருக்கியாம்மா? பீரியட் குடுத்துட்டாங்களாமே."

"அண்ணி, நான் வேணும்னு பண்ணல."

"வேணும்னு பண்ணியிருந்தா சண்டை போட்டுட்டு விட்டுருப்பேன். இது என்னன்னே எனக்கு சொல்லத் தெரியல."

"அந்தப் பாட்டு அண்ணனைக் கிண்டல் பண்ணலையே அண்ணி. வார்த்தையைக் கேட்டீங்கல்ல?"

"வார்த்தையை யாரு கேட்டா? சனங்க எதுக்குச் சிரிச்சுது, வார்த்தைக்கா?"

அண்ணி அடுப்பைக் குறைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். கடைக்கு வர்றவங்ககிட்ட உங்கண்ணன் திக்கிப் பாத்திருக்கியா?"

டீச்சர் யோசித்தாள். பார்த்ததில்லை.

"பாத்திருக்க மாட்டே. தோளுன்னு சொல்ல மாட்டாரு, 'மேல'ம்பாரு. கையின்னு சொல்ல மாட்டாரு, தொட்டுக் காட்டி 'இங்க'ம்பாரு. தச்சாச்சான்னு கேட்டா, 'ரெடி'ம்பாரு. இடிக்கிற வார்த்தையை எல்லாம் ஒதுக்கிட்டு, சந்து பொந்தா பூந்து வருவாரு. நாள் முழுக்க இதே வேலை. சாயந்தரம் ஷட்டரை இறக்கிட்டு வந்து உக்காந்தா, அப்பாடான்னு திக்குவாரு. எனக்கு அந்தச் சத்தம் கேட்டாதான் மனுஷன் வீட்டுக்கு வந்துட்டாருன்னு அர்த்தம்." அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "அதைக் கொண்டு போய் நடுத்தெருவுல வெச்சுட்டியேம்மா."

டீச்சர் அழுதாள். அண்ணி தேற்றவில்லை, பருப்பைக் கிளறினாள். அழ வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

மறுநாள் வகுப்பில் டீச்சர் அந்த பீட்டை அழித்தாள். போட்டிக்கு வேறு செய்யலாம் என்றாள். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அந்தக் குரல் யாருடையது என்று அப்போதுதான் சொன்னாள். வகுப்பு அடங்கிப்போனது. ரேடியோ எழுந்து நின்று மெதுவாகக் கேட்டாள், அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

"எங்க சட்டையெல்லாம் தச்சாரே, அவரா டீச்சர்?"

"ஆமா."

"அவரு முன்னாடியேவா டீச்சர் நாங்க அப்படிக் கத்தினோம்?" அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. "வெட்டறது சொல்லிக் குடுத்தீங்க, ஒட்டறது சொல்லிக் குடுத்தீங்க. எடுக்கறதுக்கு முன்னாடி கேக்கணும்னு சொல்லிக் குடுக்கவே இல்லையே டீச்சர்."

டீச்சர் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பெரிய டீச்சரிடம் போய், இந்த அயிட்டம் போட்டிக்குப் போகாது, பீரியடையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஏதாவது ஒன்றை இழந்தால்தான் மூச்சு விட முடியும்போல இருந்தது. பெரிய டீச்சர் முழுதும் கேட்டார். "பாட்டை மாத்திக்கோங்க. பீரியட் எதுக்கு? பின்வரிசைப் புள்ளைங்க இப்பதான் வாயைத் திறந்திருக்கு, உங்க மனக்கஷ்டத்துக்கு அதுங்க வாயை மறுபடி மூடுவீங்களா?" என்றார். அந்த இழப்புகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

மாலையில் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மேசைக்கு எதிரே போய் நின்றாள். தையல்காரர் ஒரு கோட்டுக்கு உள்துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அழிச்சுட்டேன். இனிமே அது எங்கயும் வராது."

கத்தரிக்கோல் வளைவில் திரும்பியது.

"மெஷின் மட்டும்தான் எடுப்பேன்னு சொன்னேன். பொய்யாயிடுச்சு. கிளாசுல கேக்கும்போதே எனக்குத் தெரியும்ணே. தெரிஞ்சேதான் வெச்சேன். நல்லா இருந்துச்சுண்ணே, அதான். உங்ககிட்ட சொல்லப் பயந்துகிட்டு… என்னை ரெண்டு அறை விடுங்க. திட்டவாவது திட்டுங்க."

அவர் வெட்டி முடித்தார். துண்டுகளை அடுக்கி, குண்டூசி குத்தி, ஓரமாக வைத்தார். பிறகு எழுந்து வந்து, சின்ன வயதில் செய்வது போல அவள் தலையில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, துணிச்சுருளை எடுக்கப் போனார். மன்னித்துவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மன்னிக்கவும் செய்தார், அதில் சந்தேகம் இல்லை. அன்று ராத்திரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

காலையில் மாடியிலிருந்து இறங்கி வரும்போது தையல்காரர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"வாம்மா. மழை வரும்போல இருக்கு. இதை எடுத்துட்டுப் போ," என்று ஆணியில் மாட்டியிருந்த குடையைக் காட்டினார்.

அண்ணி சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தாள். "பேசிட்டாரா? பேசிட்டாரு! அப்பாடி! பாத்தியா, ஒரு இடத்துலகூட இடறல, எவ்வளவு அழகா வந்துச்சு பாரு!" சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதனால் அவள் கவனிக்கவில்லை.

டீச்சர் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். குடை என்று அவர் சொல்லவில்லை. தங்கம் என்று சொல்லவில்லை.

"அண்ணே, என்னை எப்பவும் கூப்பிடற மாதிரி கூப்பிடுங்கண்ணே."

தையல்காரர் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். கடைக்கு வருகிறவர்களுக்குச் செய்கிற அதே புன்னகை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"நேரமாச்சும்மா. பாத்துப் போயிட்டு வா."

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். ஜன்னலைத் தாண்டியபோது சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பினாள். உள்ளே மேசையில் பழைய சட்டை ஒன்று விரியும் சத்தம், அண்ணி சீட்டுக் கிழிக்கும் சத்தம், பிறகு அவர் குரல்.

"தோ… தோ… தோளு பதினெட்டு. எ… எழுதினியா? கை… கை…"

"மெதுவா சொல்லுங்க."

மழை தூற ஆரம்பித்தது. குடையை விரித்தால் சத்தம் கேட்கும் என்று விரிக்காமல் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றாள். உள்ளே போனால் அவர் நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டு, "என்னம்மா?" என்று அழகாகக் கேட்பார். அந்தச் சட்டையின் கடைசி அளவு வரை நின்று கேட்டுவிட்டு, டப்பா இல்லாமலே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.